டாங்கிகளுக்குப் பின்னால் ஓர் ஆண்டு

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் விடியற்காலையில் ஓடிப் பயிற்சி எடுக்கும் பையன்கள், நான் கவசப்படையில் பணியாற்றியவன் என்று தெரிந்ததும் முதலில் கேட்பது, டாங்கி ஓட்டினீர்களா என்பதைத்தான். பணியின் தொடக்க ஆண்டுகளில் டி-72 டாங்கியில் பீரங்கியை இயக்கும் கன்னராக இருந்தேன். அதைப் பற்றியும் அவர்களிடம் ஆர்வத்தோடு பேசுவேன். ஆனால் ஒரு ரெஜிமென்ட் எதனால் இயங்குகிறது என்பதை நான் முழுமையாகத் தெரிந்துகொண்டது, தஃபேதார் ஆகித் தலைமையக ஸ்குவாட்ரனில் பொருள் இருப்பையும் வழங்கலையும் பார்க்கும் குவார்ட்டர் மாஸ்டர் பிரிவில் பொறுப்பேற்ற பின்புதான். காலாட்படையில் ஹவில்தார் எனப்படும் பதவியே குதிரைப்படை மரபில் வந்த கவசப்படையில் தஃபேதார். அங்கே கழிந்த காலத்தில், 2011 ஏப்ரல் முதல் 2012 மார்ச் வரையிலான ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு, அந்த ஸ்குவாட்ரனில் வேலை எப்படி நடக்கிறது என்பதையும், நம் பகுதியிலிருந்து ராணுவத்துக்குப் போகிறவர்களும் அவர்களுடைய வீட்டாரும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியவை எவை என்பதையும் எழுதுகிறேன். ரெஜிமென்ட்டின் பெயரும் முகாமின் பெயரும் இதற்குத் தேவையில்லை. ராஜஸ்தான் பாலைவனத்தை ஒட்டிய ஒரு முகாம் என்பது போதும்.

ஒரு டாங்கி ரெஜிமென்ட்டில் 45 டாங்கிகள் இருக்கும். சண்டையிடும் மூன்று ஸ்குவாட்ரன்களுக்குத் தலா 14 டாங்கிகள், ரெஜிமென்ட் தலைமையகத்துக்கு 3 டாங்கிகள் என்பது கணக்கு. ஒரு டி-72 டாங்கியின் எடை 41 டன். உள்ளே இருப்பவர்கள் கமாண்டர், கன்னர், டிரைவர் என்று மூன்றே பேர். இந்த டாங்கிகளையும் இவற்றில் ஏறுகிறவர்களையும் தவிர ரெஜிமென்ட்டில் இருக்கும் ஏறக்குறைய எல்லாமே தலைமையக ஸ்குவாட்ரனின் பொறுப்பு. சமையல்கூடமான லங்கர், ஆயுதங்களைப் பூட்டி வைக்கும் கோத், லாரிகளும் தண்ணீர் வண்டிகளும் நிற்கும் எம்.டி. பிரிவு, வயர்லெஸ், மருத்துவ அறை, கிளார்க்குகள் அமரும் அலுவலகம், உடுப்பு ஸ்டோர், எண்ணெய் ஸ்டோர், துணி தைப்பவர், செருப்புத் தைப்பவர், முடி திருத்துபவர், கோயிலையும் குருத்வாராவையும் ஒரே கூரையின்கீழ் பார்த்துக்கொள்ளும் மத ஆசிரியர் என்று பட்டியல் நீளும். பழுது பார்க்கும் இ.எம்.இ. பிரிவினரும் எங்களோடு ஒட்டியே இருப்பார்கள். சண்டை ஸ்குவாட்ரனிலிருந்து இங்கே மாற்றப்படும், சவார்கள் எனப்படும் இளம் சிப்பாய்கள் பலர் முதல் வாரத்தில் முகம் வாடித்தான் வருவார்கள். அவர்களை நான் முதலில் அழைத்துப்போவது எண்ணெய் ஸ்டோருக்கு. ஒரு டாங்கியின் டேங்குகளை முழுக்க நிரப்ப ஆயிரம் லிட்டருக்கு மேல் டீசல் வேண்டும். அப்படியானால் 45 டாங்கிகளையும் ஒரு முறை நிரப்ப எவ்வளவு, அதை மணல்வெளிக்கு இரவில் கொண்டுபோக எத்தனை வண்டி, அந்த வண்டிகளை ஓட்டுகிறவர்கள் எப்போது உண்டார்கள், எப்போது தூங்கினார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால், தங்கள் வேலை என்ன என்பது அவர்களுக்கே விளங்கிவிடும்.

மார்ச் 31 அன்று நிதியாண்டின் கணக்கு மூடப்படுவதால், எங்களுக்கு ஆண்டு பிறப்பது ஏப்ரலில்தான். மே 1 கவசப்படை தினம். 1938இல் அந்த நாளில்தான் இந்தியக் குதிரைப்படையின் முதல் ரெஜிமென்ட் குதிரைகளை விட்டு இயந்திரங்களுக்கு மாறியது. அன்று எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் படாகானா விருந்து நடக்கும். அது முடிந்ததும் கோடையின் உண்மையான வேலை தொடங்கிவிடும். வெயில் 45 டிகிரியைத் தாண்டும் நாள்களில் இரும்பைத் தொட்டால் கை பொத்துவிடும் என்பதால், வண்டி வேலைகளை விடியும் முன்பே தொடங்கிப் பத்து மணிக்குள் முடிப்போம். பகலில் ஏடுகளும் கணக்கும்.

கோடையின் கடினமான வேலை விடுமுறைப் பட்டியல் என்று சொன்னால் வெளியில் இருப்பவர்கள் நம்பமாட்டார்கள். ஒரு ஜவானுக்கு ஆண்டு விடுமுறை 60 நாள், தற்செயல் விடுப்பு 30 நாள். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் போக முடியாது. தென்னிந்திய வீரர்கள் நிறைந்திருந்த எங்கள் ரெஜிமென்ட்டில் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்காக மே மாதமும், தீபாவளியும், பொங்கலும்தான் எல்லோருக்கும் வேண்டும். கடலூர்க்காரர்களுக்கு மாசி மகமும் சேர்ந்துகொள்ளும். எங்கள் ஸ்குவாட்ரனின் சீனியர் ஜே.சி.ஓ. (ஜவான்களுக்கும் அதிகாரிகளுக்கும் இடைப்பட்ட பதவி) ஒருவர் கடைப்பிடித்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஏப்ரல் மாதத்திலேயே ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, எந்தத் தேதி வேண்டும் என்று மட்டும் கேட்காமல், அந்தத் தேதியில் வீட்டில் என்ன இருக்கிறது என்பதையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். தங்கையின் திருமணம், மனைவியின் பிரசவம், அப்பாவின் கண் அறுவை, நெல் அறுப்பு என்று காரணங்கள் அதில் இருக்கும். தேதி மோதும்போது பதவி மூப்பையோ சத்தமாகக் கேட்டவரையோ பார்க்காமல் அந்தக் காரணத்தைப் பார்த்து முடிவு செய்வார். பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டபின் முணுமுணுப்பு வந்து நான் பார்த்ததில்லை. அந்த நோட்டு டிசம்பரில் எங்களுக்கு எவ்வளவு உதவியது என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை இருப்புச் சரிபார்ப்பும் வண்டிகளின் தொழில்நுட்ப ஆய்வும் நடக்கும். இங்கே ஒரு சிறு பொருளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது 20 லிட்டர் ஜெரிக்கேன். அடுக்கில் இருக்கும் கேன்களை எண்ணி ஏட்டில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுக் கையெழுத்திடுவது எளிது. ஆனால் ஜெரிக்கேனின் உயிர் அதன் மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தில் இருக்கிறது. ராஜஸ்தான் வெயிலில் இரண்டு கோடை கண்ட வளையம் பார்வைக்குக் கறுப்பாக, ஒழுங்காகத்தான் தெரியும். நகத்தால் அழுத்தினால் மீளாது, சில வளையங்களில் மெல்லிய வெடிப்புகள் கிளம்பும். அந்தக் கேனில் தண்ணீர் நிரப்பி லாரியில் ஏற்றினால், மணல்மேடுகளில் குலுங்கிப் போய்ச் சேரும்போது பாதி இராது. அதனால் எங்கள் ஸ்டோரில் ஒவ்வொரு கேனையும் திறந்து, வளையத்தை நகத்தால் அழுத்திப் பார்த்து, தண்ணீர் நிரப்பி, ஓர் இரவு கவிழ்த்து வைத்து, காலையில் அடியில் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பின்புதான் கணக்கில் சேர்ப்போம். டீசலுக்கான கேனையும் தண்ணீருக்கான கேனையும் வேறு வேறு அடுக்கில், வேறு வேறு அடையாளத்தோடு வைப்போம். ஒரு முறை டீசல் ஊற்றிய கேனை எத்தனை முறை கழுவினாலும் தண்ணீருக்குத் திருப்பித் தருவதில்லை. இருக்கிறது என்பது வேறு, வேலைக்கு ஆகும் என்பது வேறு. இந்த வேறுபாட்டைக் கையால் தொட்டுப் பார்த்துப் பழகியவர்கள், ஓய்வுபெற்று வந்து தொழிற்சாலையிலோ கிடங்கிலோ வேலைக்குச் சேரும்போது தனித்துத் தெரிகிறார்கள் என்பதை நெய்வேலியிலும் கடலூர் சிப்காட்டிலும் வேலை பார்க்கும் என் நண்பர்களிடம் கண்டிருக்கிறேன்.

அக்டோபர் முதல் ரெஜிமென்ட் முழுவதும் மணல்வெளிக்கு நகரும். குளிர்காலக் கூட்டுப்பயிற்சியில் டாங்கிகள் முன்னால் போக, எங்கள் வண்டிகள் எச்செலன் என்று சொல்லப்படும் வரிசைகளாகப் பிரிந்து பின்னால் வெவ்வேறு தொலைவுகளில் மறைந்து நிற்கும். பகலில் மறைப்பு வலைகளுக்கு அடியில் படுத்திருப்போம். இருட்டியபின் எரிபொருள், குண்டு, தண்ணீர், உணவு, மாற்று உதிரிகள் எல்லாவற்றையும் டாங்கிகளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்போம். ராணுவத்தில் நான் பார்த்த வேலைகளிலேயே அதிக ஒழுங்கு வேண்டியது இதுதான். வண்டிகளின் முன்விளக்கு எரியக் கூடாது. மங்கலான சிறு டார்ச்சோடு நிற்கும் வழிகாட்டி எந்தப் பக்கம் அசைக்கிறாரோ அந்தப் பக்கம் டாங்கி திரும்பும். முதலில் டீசல் வண்டி, சற்றுத் தள்ளிக் குண்டு ஏற்றிய லாரி, அதன் பிறகு தண்ணீர், கடைசியில் லங்கர் வண்டி. டி-72 டாங்கியின் கோபுரத்துக்குக் கீழே சுழலும் தட்டில் 22 குண்டுகள் அடுக்கப்படும். அவற்றைக் கைமாற்றி ஏற்றும்போது யாரும் பேசுவதில்லை. டாங்கியின் என்ஜின் சத்தம் அடங்கியதும் மேலிருந்து கமாண்டர் குனிந்து கேனை வாங்குவார், டிரைவர் தன் குழியிலிருந்து தலையை நீட்டிப் பூரி, உருளைக்கிழங்குப் பொட்டலத்தை வாங்கி அங்கேயே தின்னத் தொடங்குவார். அந்தக் குளிரில் சூடாகக் கிடைக்கும் டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார்கள். எல்லாம் முடிந்து அந்த டாங்கி நகர்ந்தால்தான் அடுத்தது உள்ளே வர முடியும் என்பதால், ஒரு வண்டியில் ஒரு பொருளைத் தேடச் செலவாகும் ஐந்து நிமிடம் கடைசி டாங்கிக்குப் போய்ச் சேரும்போது மணிக்கணக்காகிவிடும்.

அதனால்தான் லாரியில் பொருளை ஏற்றும் முறையில் எங்கள் குவார்ட்டர் மாஸ்டர் சாப் மிகுந்த கண்டிப்பு காட்டினார். கடைசியில் இறக்க வேண்டியதை முதலில் ஏற்ற வேண்டும். எந்தப் பொருள் எந்த மூலையில் இருக்கிறது என்பதை டிரைவரோடு இன்னொருவரும் இருட்டில் கை நீட்டிச் சொல்ல வேண்டும். கிளம்பும் முன் விளக்கை அணைத்துவிட்டு, வண்டிக்குள் ஏறி முதலுதவிப் பெட்டியை எடு, இருபத்தைந்து அடிக் கயிற்றை எடு என்று சோதிப்பார். வீட்டில் புயலுக்கும் வெள்ளத்துக்கும் தயாராக இருப்பது எப்படி என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் இன்றும் சொல்வது இந்த ஒரு சோதனையைத்தான்: மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, மெழுகுவத்தி, தீப்பெட்டி, மாத்திரை, பத்திரங்கள் இருக்கும் பை ஆகியவற்றை வீட்டில் இருக்கும் எவரேனும் ஒருவர் எடுத்து வர முடிகிறதா என்று பாருங்கள். பொருள்களை வாங்கி வைத்த பெரும்பாலான வீடுகளில் இந்தச் சோதனை தேறுவதில்லை.

அந்தப் பயிற்சிக் காலம் முடியும் தறுவாயில்தான் தானே புயல் வந்தது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. நாங்கள் மணிக்கு 140 கிலோமீட்டர் காற்று என்ற செய்தியை வானொலியில் கேட்டோமே தவிர, ஊரில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வழியில்லை. மின்கம்பங்கள் சாய்ந்து, செல்போன் கோபுரங்கள் ஓய்ந்துபோயிருந்தன. என் வீடு குறிஞ்சிப்பாடிப் பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் முந்திரித் தோப்பு இருந்தது. மாலையில் ஒரு பையன் ஓடிவந்து, "அண்ணே, காலையிலேர்ந்து போட்டுப் பாக்கறேன், வீட்டுக்கு லைனே போகல. அம்மா மட்டுந்தாண்ணே இருக்காங்க" என்று சொன்னபோது, அவனுக்குச் சொல்ல என்னிடமும் செய்தி எதுவும் இல்லை.

அன்று இரவே ஸ்குவாட்ரன் அலுவலகக் கூடாரத்தில் கிளார்க் ரெஜிமென்ட் முழுவதிலிருந்தும் கடலூர், விழுப்புரம், புதுச்சேரிக்காரர்களின் பெயர்களை எடுத்தார். எல்லோரையும் ஒரே நாளில் அனுப்ப முடியாது என்பது தெரிந்ததே. அப்போதுதான் ஜே.சி.ஓ. சாப் தம்முடைய நோட்டை எடுத்தார். யார் வீட்டில் வயதான தாய் தனியாக இருக்கிறார், யார் மனைவி கர்ப்பமாக இருக்கிறார், யார் வீடு கூரை வீடு, யார் வீட்டில் உடன்பிறந்தவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள் என்பதெல்லாம் ஏப்ரல் மாதத்தில் எழுதப்பட்டு அதில் இருந்தது. முதல் வரிசையில் போக வேண்டியவர்களின் பெயர்கள் விவாதம் இன்றி முடிவாயின. அந்தப் பையன் முதல் பட்டியலில் இருந்தான். உடன்பிறந்தவர்கள் ஊரில் இருந்த என் போன்றவர்கள் பின்வரிசையில் நின்றோம், அது சரியான முடிவு. முதலில் போனவர்களிடம், பக்கத்து ஊர்க்காரர்களின் வீடுகளையும் நேரில் பார்த்து, மின்சாரம் உள்ள இடத்துக்கு வந்து தகவல் சொல்ல வேண்டும் என்று பொறுப்பும் கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் சென்னையிலிருந்து ஒருவர் போன் செய்து, எங்கள் வீட்டில் எல்லோரும் நலம், தோப்பில் மரம் ஒன்றுகூட நிற்கவில்லை என்று சொன்னார்.

நான் ஊருக்கு வந்தது ஜனவரி பிற்பகுதியில். அதற்கு முன் பொங்கலும், ஜனவரி 15இல் ராணுவ தினமும் முகாமிலேயே கழிந்தன. 1949இல் அந்த நாளில் ஜெனரல் கரியப்பா இந்திய ராணுவத்தின் தலைமையை ஆங்கிலேயரிடமிருந்து ஏற்றார் என்பது எங்களுக்குப் பெருமை. நம்மவர்களுக்கு அது பொங்கலை ஒட்டியே வருவதால் லங்கரில் சர்க்கரைப் பொங்கலும் உண்டு. பண்ருட்டிச் சாலையில் வரும்போது இரண்டு பக்கமும் வேரோடு சாய்ந்து கிடந்த பலாவையும் முந்திரியையும் பார்த்ததைப் பற்றி எழுதத் தொடங்கினால் அது தனிக் கட்டுரையாகிவிடும். இங்கே சொல்ல வேண்டியது தாள்களைப் பற்றி. கூரை போன வீடுகளில் பாஸ்புக், பட்டா, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ், ராணுவத்தில் இருக்கும் மகன் அனுப்பிய கடிதங்கள் எல்லாம் நனைந்து ஒட்டிப்போயிருந்தன. மகனுடைய ராணுவ எண் என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாத பெற்றோர் பலர், 56 ஏ.பி.ஓ. என்ற தபால் முகவரி மட்டும் நினைவில் இருந்தது. ராணுவ எண், பதவி, ரெஜிமென்ட், ஸ்குவாட்ரன் அலுவலகத் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதி, ஒரு நகலை வேறு மாவட்டத்தில் இருக்கும் உறவினர் வீட்டில் கொடுத்து வைப்பது ஒவ்வொரு குடும்பமும் செய்ய வேண்டிய காரியம். கடலூரில் புயல் அடித்தால் கடலூரில் இருக்கும் அத்தை வீட்டு நகல் உதவாது. திருச்சியிலோ சேலத்திலோ ஒருவர் வேண்டும்.

பிப்ரவரியும் மார்ச்சும் ஆண்டு நிர்வாக ஆய்வு, தணிக்கை, ஓய்வுபெறுவோரின் ஆவணங்கள் என்று கழிந்தன. ஆய்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆண்டு முழுவதும் ஒழுங்காக இருந்த ஸ்டோருக்கு அது ஒரு நாள் வேலை. ஆனால் ஆவணங்களில்தான் நம்மவர்களுக்கு உண்மையான தொல்லை இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான் உண்டு. முருகன் என்பவர் பள்ளிச் சான்றிதழில் க. முருகன், ராணுவ ஆவணத்தில் முருகன் கே, வங்கியில் முருகன் கந்தசாமி என்று மூன்று ஆளாக இருப்பார். மனைவிக்குத் திருமணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பின்னர் கணவரின் இனிஷியல். பிறந்த தேதி பள்ளியில் ஒன்று, ஆதாரில் ஒன்று. பணியில் இருக்கும்வரை இது யாரையும் உறுத்துவதில்லை. ஓய்வூதியம் வாங்கியவர் இறந்து, மனைவி குடும்ப ஓய்வூதியம் கேட்கும் நாளில்தான் அந்த ஒரு எழுத்து பெரும் சுவராக எழுந்து நிற்கும். திருமணம், குழந்தை பிறப்பு, பெற்றோர் இறப்பு போன்ற எதுவும் ஸ்குவாட்ரன் அலுவலகத்தில் பார்ட் டூ ஆர்டராக (வீரரின் சொந்த விவர மாற்றங்களைப் பதியும் ஆணை) வெளியிடப்பட்டு, அகமத்நகரில் (இன்றைய அஹில்யாநகர்) இருக்கும் கவசப்படை ஆவண அலுவலகத்தில் பதிவாக வேண்டும். பதிவாகாத திருமணம், ராணுவ ஏட்டைப் பொறுத்தவரை நடக்காத திருமணம்.

என் மனைவியின் ஊர் புதுச்சேரி. அங்கே பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்ற, சொல்தா என்று அழைக்கப்படும் குடும்பங்கள் உண்டு. பிறப்பு, திருமணம், இறப்பு எதுவானாலும் காலம் தாழ்த்தாமல் பதிந்து, குடும்பப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றி, அதைப் பீரோவில் நகையோடு வைத்திருக்கும் வழக்கம் அவர்களிடம் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். நம் இந்திய ராணுவக் குடும்பங்களுக்கும் அந்தப் பழக்கம் வர வேண்டும் என்பது என் ஆசை. இப்போது ஓய்வூதியம் ஸ்பர்ஷ் என்ற இணையவழி முறைக்குப் போய்விட்டது. ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று அதிலேயே அளிக்க வேண்டியிருக்கிறது. 2003 முதல் நடைமுறையில் உள்ள இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்துக்கும் மனைவி, பெற்றோர் பெயர்கள் ராணுவ ஏட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். கணினி இனிஷியல் முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதில்லை.

கடலூரில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு வரும் கைம்பெண்களோடு துணைக்குப் போகும்போதெல்லாம், கணவர் பணியில் இருந்தபோதே ஒரு தாளில் முடிந்திருக்க வேண்டிய திருத்தத்துக்கு, அவர்கள் பிரமாணப் பத்திரம், வட்டாட்சியர் அலுவலகம், ஆவண அலுவலகத்துக்குக் கடிதம் என்று அலைவதைப் பார்க்கிறேன். ஆகவே மகன் விடுமுறையில் வரும்போது, கோயில், கல்யாணம், உறவினர் வீடு என்று நாள்கள் ஓடிப்போகும் முன், வந்த முதல் வாரத்திலேயே அவருடைய பள்ளிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் பாஸ்புக், திருமணப் பதிவுச் சான்று, மனைவியின் ஆதார், குழந்தைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றை ஒரே இடத்தில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை ஊர்த் தாளில் இருந்தால் அந்த விடுமுறையிலேயே ஈ-சேவை மையத்தில் திருத்த மனு கொடுத்துவிடலாம். பிழை ராணுவ ஏட்டில் இருந்தால் சான்றுகளின் நகல்களில் கையெழுத்து வாங்கி அவர் பையிலேயே வைத்து அனுப்புங்கள். அவர் போய்ச் சேர்ந்த மறுநாள் ஸ்குவாட்ரன் கிளார்க்கிடம் கொடுத்துவிட்டால், பார்ட் டூ ஆர்டர் போடுவது அவருடைய அன்றாட வேலை. ஆர்டரின் எண்ணையும் தேதியையும் மகனிடம் கேட்டு வாங்கி, வீட்டில் இருக்கும் நகலின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.